அட்டையைத் திருப்பிப் பாருங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: முன்பின் தெரியாதவர்களோடு தபால் அட்டை மாற்றிக்கொள்ளும் போஸ்ட்கிராசிங் இணையதளத்தில் சேர்ந்து ஐந்து பேருக்குப் படத் தபால் அட்டை அனுப்பினேன். இரண்டு மாதம் ஆகியும் மூன்றுதான் போய்ச் சேர்ந்ததாகக் காட்டுகிறது. எனக்கும் மூன்றுதான் வந்திருக்கிறது. எங்கே தப்பு?

பதில்: கணக்கில் தப்பில்லை. 2005-ல் போர்ச்சுகலில் தொடங்கிய இந்தத் தளத்தின் அடிப்படை விதியே இதுதான்: நீங்கள் அனுப்பிய அட்டையைப் பெற்றவர் அதன் அடையாள எண்ணைப் பதிவு செய்தால்தான் உங்கள் முகவரி இன்னொருவர் கைக்குப் போகும். மூன்று பதிவானது, மூன்று வந்தது.

மற்ற இரண்டும் தொலைந்தே போயிருக்க வேண்டும் என்பதில்லை. போய்ச் சேர்ந்த அட்டையில் எண்ணைப் படிக்க முடியாமல் போவதும் அடிக்கடி நடக்கிறது. இரண்டெழுத்து நாட்டுக் குறியீடு, ஒரு சிறுகோடு, பிறகு எண். இதைத் தபால்தலைக்குப் பக்கத்தில் எழுதினால் முத்திரை மேலே விழுந்து அழியும். அடி ஓரத்தில் எழுதினால், தானியங்கி இயந்திரம் பார்கோடு அடிக்கும் பட்டைக்குள் மாட்டும். செய்தி எழுதும் இடது பாதியில், மேலே ஒருமுறையும் நடுவில் ஒருமுறையுமாக இரண்டு இடத்தில் எழுதுங்கள். ஐரோப்பாவில் பலர் 1-ஐ மேலே நீளமான கொக்கி போட்டு எழுதுவார்கள். 7-க்கு நடுவில் குறுக்குக்கோடு போடுவார்கள். ஆகவே, குறுக்குக்கோடு இல்லாத நம் 7 அவர்கள் கண்ணுக்கு 1 ஆகத் தெரியலாம். எண்ணில் 7 வந்தால் அந்தக் கோட்டைப் போட்டுவிடுங்கள்.

60 நாள் கடந்த அட்டை காலாவதிப் பட்டியலுக்குப் போய்விடும். அதற்குப் பதில் புது முகவரி வாங்கிக்கொள்ளலாம். ஆனாலும் ஓராண்டு வரை அதைப் பதிவு செய்ய வழி உண்டு. எனவே முகவரியையும் எண்ணையும் அழித்துவிடாதீர்கள். அனுப்பும் முன் இரண்டு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்து வைப்பது நல்லது. பெற்றவர் எண் தெரியாமல் தவித்து விசாரித்தால், அந்தப் படம்தான் கைகொடுக்கும்.

கேள்வி: சீனம், ரஷ்ய மொழி முகவரிகளைப் பார்த்து எழுதினால் கோழி கிறுக்கியது மாதிரி வருகிறது. ஆங்கில எழுத்தில் எழுதினால் போதாதா?

பதில்: பல சமயம் போதும். ஆனால் அந்த நாட்டுக்குள் கடைசி மைல் போகிற தபால்காரருக்குச் சொந்த எழுத்தில் இருப்பதே வசதி. கையால் வரைந்து பார்க்க வேண்டாம். முகவரியைத் தாளில் அச்செடுத்து வெட்டி, வலது பாதியில் ஒட்டுங்கள். நான்கு மூலைக்கும் பசை போக வேண்டும். மூலை தூக்கிக்கொண்டிருந்தால் இயந்திரத்தின் உருளையில் சிக்கி, ஒட்டிய தாள் பிய்ந்து போகும். முகவரி இல்லாத அட்டை என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சேரும் நாட்டின் பெயரை மட்டும் கடைசி வரியில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். உங்கள் ஊர்த் தபால் பிரிப்பில் அந்த ஒரு வரியைத்தான் பார்ப்பார்கள்.

கேள்வி: பளபளப்பான அட்டையில் ஜெல் பேனா மை ஈஷிக்கொள்கிறது. தபால்தலையும் உரிந்து வருகிறது.

பதில்: பூச்சு போட்ட தாள் ஈரத்தை உறிஞ்சாது, இரண்டு தொல்லைக்கும் காரணம் அதுதான். எழுதுவதற்குப் பால்பாயின்ட் போதும். அதுவும் வழுக்கினால் சிடியில் எழுதுகிற மெல்லிய முனை மார்க்கர். தபால்தலையை நாக்கில் நனைத்தோ தண்ணீர் தொட்டோ ஒட்டாமல், பசைக்குச்சியை ஓரம் வரை தடவி ஒட்டி, ஒரு கனமான புத்தகத்துக்கு அடியில் பத்து நிமிடம் வையுங்கள்.

கேள்வி: சதுர அட்டை ஒன்றைத் தபால் அட்டைக் கட்டணத்தில் அனுப்பலாமா?

பதில்: பல நாடுகளில் முடியாது. சர்வதேச அஞ்சல் ஒன்றியத்தின் அளவுப்படி தபால் அட்டை குறைந்தது 90 × 140 மி.மீ., அதிகபட்சம் 120 × 235 மி.மீ. நீளம், அகலத்தைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்காவது இருக்க வேண்டும். சதுரம், வட்டம், விலங்கு வடிவம் எல்லாம் இந்தக் கணக்கில் அடிபட்டுவிடும். கடிதக் கட்டணம் ஒட்டுங்கள், அல்லது கவரில் போடுங்கள்.

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் தேதியில்லாத பழைய அட்டைகள் கிடைத்தன. ஒன்றில் படத்தின் ஓரத்திலேயே நுணுக்கி எழுதியிருக்கிறார்கள். பின்பக்கம் முழுக்க முகவரி. இன்னொன்று புகைப்படம், தபால்தலைக் கட்டத்தைச் சுற்றி ‘ஏ-இசட்-ஓ’ என்று ஆங்கில எழுத்துகள். வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: படத்தைப் பார்த்து வயது சொல்கிறவர்கள் பலமுறை ஏமாறுவார்கள், ஒரே படத்தை இருபது வருடம் கழித்தும் அச்சடித்திருப்பார்கள். பின்பக்கம் அவ்வளவு எளிதில் பொய் சொல்லாது.

1869 அக்டோபர் 1-ஆம் தேதி ஆஸ்திரியா-ஹங்கேரியில் முதல் தபால் அட்டை வந்தபோது அதில் படமே கிடையாது. ஒரு பக்கம் முகவரிக்கு, மறுபக்கம் செய்திக்கு. பிற்பாடு செய்திப் பக்கத்தில் படம் வந்து உட்கார்ந்தபோதும், முகவரிப் பக்கத்தில் வேறெதுவும் எழுதக் கூடாது என்ற விதி அப்படியே இருந்தது. அதனால்தான் உங்கள் அட்டையில் எழுத்து படத்தின் ஓரத்தில் ஒண்டியிருக்கிறது. பின்பக்கத்தை நடுக்கோட்டால் பிரித்து இடப்பக்கம் செய்தி எழுத அனுமதித்தது பிரிட்டனில் 1902-ல், ஜெர்மனியில் 1905-ல், அமெரிக்காவில் 1907 மார்ச் 1-ல். ஆக, முதலில் எந்த நாட்டு அச்சு என்று பாருங்கள். கோடு இல்லாத அமெரிக்க அட்டை என்றால் 1907-க்கு முந்தைய அச்சு என்று கொள்ளலாம். ஆனால் பழைய இருப்பைப் பின்னாளிலும் அனுப்பியிருப்பார்கள். எனவே முத்திரைத் தேதி அனுப்பிய நாளைத்தான் சொல்லும், அச்சடித்த நாளை அல்ல.

இரண்டாவது அட்டை நிஜப் புகைப்படத் தாளில் போட்டது. அந்த எழுத்துகள் தாளின் வணிகப் பெயர். கட்டத்தின் நான்கு மூலையிலும் உள்ள குறிகளைப் பாருங்கள். நான்கு முக்கோணமும் மேல் நோக்கினால் தோராயமாக 1904 முதல் 1918 வரை. இரண்டு மேலே, இரண்டு கீழே என்றால் 1918 முதல் 1930 வரை. முக்கோணத்துக்குப் பதில் சதுரம் என்றால் 1920-களின் நடுப்பகுதிக்குப் பிறகு.

நிஜப் புகைப்படம்தானா என்பதையும் சோதியுங்கள். 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் முகத்தையோ வானத்தையோ பாருங்கள். சாம்பல் நிறம் இடைவெளியில்லாமல் மெல்ல மாறினால் புகைப்படம். வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அச்சு. இருட்டறையில் புற ஊதா விளக்கும் பிடித்துப் பாருங்கள். தாள் நீலவெள்ளையாகப் பளீரென ஒளிர்ந்தால் அதில் வெண்மையூட்டும் ரசாயனம் இருக்கிறது. 1950-க்கு முந்தைய தாளில் அது வழக்கமாக இருக்காது. ‘நூறு வருட அட்டை’ என்று விலை சொல்பவரிடம் வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனை இது.

கேள்வி: அழகாக இருக்கட்டும் என்று ஒட்டும் பக்கமுள்ள போட்டோ ஆல்பத்தில் வைத்திருக்கிறேன். சில அட்டைகள் மஞ்சளாகின்றன.

பதில்: இன்றே வெளியே எடுங்கள். அந்தப் பசை நாளாக ஆக இறுகி, பின்பக்கத்து எழுத்தையும் முத்திரையையும் பிடித்துக்கொள்ளும். வராத அட்டையைப் பிய்க்காதீர்கள். வாசனையில்லாத பல் நூலை அட்டைக்கும் பக்கத்துக்கும் நடுவே நுழைத்து, ரம்பம் போல மெதுவாக இழுத்தால் பெரும்பாலும் விடுபடும்.

இனி வாங்கும் உறை பாலிபுரோப்பிலீன் அல்லது பாலியெஸ்டராக இருக்கட்டும். பி.வி.சி. வேண்டாம், அதை வளைய வைக்கச் சேர்க்கும் ரசாயனம் காலப்போக்கில் கசிந்து படத்தோடு ஒட்டிக்கொள்ளும். புது உறையைத் திறந்ததும் கார் சீட் கவர் போல நெடி அடித்தால் சந்தேகப்படுங்கள். உறையிட்ட அட்டைகளை அமிலமில்லாத அட்டைப் பெட்டியில் செங்குத்தாக நிறுத்தலாம். தளர்வாக இருந்தால் வளையும். இறுக்கினால் எடுக்கும்போது மூலை மடங்கும். ரப்பர் பேண்ட், குண்டூசி, செல்லோடேப் மூன்றும் பெட்டிக்குள் வரக் கூடாது. ஈரப்பதம் 35 முதல் 50 சதவீதம் இருந்தால் உத்தமம். அதைவிட ஏறினால் முதலில் பூஞ்சை, அதன் பின்னாலேயே தாளரிக்கும் வெள்ளிப்பூச்சி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். பழைய அட்டையிலிருந்து தபால்தலையை மட்டும் நனைத்து எடுத்துவிடாதீர்கள். தலை, முத்திரை, எழுத்து மூன்றும் சேர்ந்திருந்தால்தான் அந்த அட்டைக்கு மதிப்பு.

கேள்வி: மாக்ஸிமம் கார்டு என்கிறார்களே, சாதாரண அட்டையின் படத்தின்மேல் தபால்தலை ஒட்டினால் அது ஆகிவிடுமா?

பதில்: ஆகாது. படம், தலை, முத்திரை மூன்றும் ஒரே விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஒரு கலங்கரை விளக்கத் தபால்தலை என்றால், அதே விளக்கத்தின் படமுள்ள அட்டை, அது நிற்கும் ஊரின் முத்திரை. தபால்தலையையே பெரிதாக்கி அச்சடித்த அட்டை கண்காட்சிப் போட்டியில் எடுபடாது. தலைக்கு முன்பே வெளியான அட்டை கிடைத்தால் விடாதீர்கள்.

கேள்வி: நேரடியாக அட்டை மாற்றிக்கொள்வதில் சண்டை வராமல் இருக்க என்ன செய்யலாம்?

பதில்: முதலிலேயே பேசிவிடுங்கள்: எழுதியதா, வெறும் அட்டையா, முத்திரையோடு தனியாகவா, கவருக்குள்ளா, என்றைக்குள் அனுப்புவது. பழைய அட்டை என்றால் இரண்டு பக்கப் படத்தையும் கேளுங்கள். முன்பக்கத்தை மட்டும் காட்டுகிறவரின் அட்டையில், ஆல்பத்திலிருந்து பிய்த்த தழும்பு பின்னால் இருக்கக்கூடும்.