மெட்னரை எங்கிருந்து கேட்பது?

அன்புள்ள ஐயா,

ருஷ்ய இசையமைப்பாளர் நிகொலாய் மெட்னரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அவருடைய 14 பியானோ சொனாட்டாக்களையும் (தனிப் பியானோவுக்கான பெரிய படைப்புகள்) வரிசையாகக் கேட்டேன். எதுவும் மனதில் ஒட்டவில்லை. அவர் காலத்து இன்னொரு ருஷ்ய இசையமைப்பாளரான ரஹ்மானினவின் இசையிலிருந்து மெட்டை எடுத்துவிட்டால் மிஞ்சுவதுதான் மெட்னரோ என்று தோன்றுகிறது. எந்தப் பதிவில் தொடங்கியிருக்க வேண்டும்?

கே.

அன்புள்ள கே.,

வரிசையாகக் கேட்டதுதான் கோளாறு. அப்படிக் கேட்டால் யாருக்கும் திகட்டும்.

பியானோ கலைஞர் எமில் கிலெல்ஸ் வாசித்த 'சொனாட்டா ரெமினிசென்சா'வை மட்டும் முதலில் கேளுங்கள். கால் மணி நேரம்தான். தனக்குத்தானே முணுமுணுப்பதுபோல ஒரு சின்ன வரியில் தொடங்கும். அதே வரி நடுவிலும் முடிவிலும் வரும். அங்கே உருகி வழிகிற பியானோ கலைஞர்கள் உண்டு. கிலெல்ஸ் அதைக் கிட்டத்தட்ட அலட்சியமாக வாசித்துவிட்டு நகர்கிறார்; எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

ரஹ்மானினவே உங்கள் கருத்தை ஏற்கமாட்டார். தன் 4ஆவது பியானோ கன்செர்ட்டோவை (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) மெட்னருக்குத்தான் அர்ப்பணித்தார். மெட்னர் தன் 2ஆவதை அவருக்கு. மெட்னரிடம் மெட்டு உண்டு. நீட்டிப் பாடமாட்டார், துண்டாக்கி, இரு கைகளிலும் வெவ்வேறு தாளத்தில் ஓடவிடுவார். முதல் முறை கேட்கையில் நழுவிப்போவது அதனால்தான்.

அடுத்து 'ஸ்காஸ்கி' என்று மெட்னர் பெயரிட்ட சின்னச் சின்னப் பியானோ படைப்புகள். ஆங்கிலத்தில் 'தேவதைக் கதைகள்' என்று பெயர் வைத்துக் கெடுத்துவிட்டார்கள். ருஷ்யச் சொல்லில் தேவதை யாரும் இல்லை. பாட்டி சொல்லும் கதை, அவ்வளவுதான். சிலவற்றை மெட்னரே வாசித்திருக்கிறார். 1940களின் இறுதியில், லண்டனில் உடல் தளர்ந்திருந்த அவரைப் பதிவுக்கூடத்துக்குக் கொண்டுவந்தது மைசூர் மகாராஜா ஜெயசாமராஜ உடையாரின் பணம். (பின்னாளில் சென்னை மாநில ஆளுநராக இருந்த அதே உடையார்தான்.) மெட்னரின் மூன்று கன்செர்ட்டோக்களும் அப்படித்தான் இசைத்தட்டில் ஏறின, 3ஆவது மகாராஜாவுக்கே அர்ப்பணம். பழைய தட்டின் இரைச்சல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கதை சொல்கிறவர் எங்கே மூச்சு விடுகிறார் என்பது அவர் வாசிப்பில்தான் தெரிகிறது.

நீங்கள் கேட்டது பியானோ கலைஞர் மார்க்-ஆந்த்ரே ஹாமெலினின் சொனாட்டாத் தொகுப்பு என்றால், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. 'இரவுக்காற்று' சொனாட்டாவுக்கு அதற்கே திரும்பி வாருங்கள். ஆனால் அது அரை மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் ஓடும். இப்போதைக்கு வேண்டாம்.