லேப்ரடாரை எங்கே நீந்த விடலாம்?

கேள்வி: ஈரோட்டில் இருக்கிறோம். எங்கள் லேப்ரடாருக்கு மூன்று வயது. ஏப்ரல், மே வெயிலில் நாளெல்லாம் இரைத்துக்கொண்டு தரையில் கிடக்கிறது. தண்ணீரைக் கண்டால் மட்டும் உற்சாகம் வந்துவிடுகிறது. காவிரி, கீழ்பவானி வாய்க்கால், கொடிவேரி என்று ஆளுக்கோர் இடம் சொல்கிறார்கள். எங்கே கூட்டிப் போகலாம்? கூடவே ஒரு சிப்பிப்பாறை இன நாயும் இருக்கிறது. அது தண்ணீர்ப் பக்கமே வருவதில்லை. தூக்கிப் போட்டால் பழகிவிடுமா?

பதில்: சிப்பிப்பாறையைத் தூக்கிப் போடாதீர்கள். ஓடுவதற்கென்றே அமைந்த உடம்பு அது. கொழுப்பு மிகக் குறைவு என்பதால் லேப்ரடாரைப் போல எளிதாக மிதக்காது. பயந்துபோன நாய் முன்னங்காலால் மட்டும் தண்ணீரை அடித்துக்கொண்டு செங்குத்தாக நிற்கும், சீக்கிரமே களைத்துவிடும். முழங்கால் அளவுத் தண்ணீரில் தானாக வந்து நின்றால் போதும். வராவிட்டாலும் ஒன்றும் குறைவில்லை, வீட்டில் வயிற்றிலும் தொடையிலும் தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.

லேப்ரடாருக்கு இடம் தேடும்போது தண்ணீரைவிடக் கரையை முதலில் பாருங்கள். நாய் நடந்தே இறங்கி, நடந்தே ஏற முடிகிற சரிவு இருக்க வேண்டும். நன்றாக நீந்தும் நாய்கூட ஏற வழியில்லாமல் சுற்றிச் சுற்றிக் களைத்தால் மூழ்கிவிடும். கீழ்பவானி வாய்க்காலை இதனால்தான் நான் விலக்குகிறேன். தண்ணீர் விட்டிருக்கும் நாட்களில் இழுப்பு அதிகம். கான்கிரீட் போட்ட பகுதிகளில் பாசி பிடித்த சரிவில் நகம் பற்றாது. பிளாஸ்டிக் ஷீட் விரித்த பண்ணைக்குட்டை இன்னும் மோசம். பார்க்க அமைதியாக இருக்கும், உள்ளே விழுந்தால் ஆளே ஏறுவது கஷ்டம்.

காலிங்கராயன் வாய்க்கால் நகரத்தை ஒட்டி வரும் பகுதியில் சாயக்கழிவும் தோல் ஆலைக் கழிவும் கலந்து வந்த வரலாறு உண்டு. திருப்பூருக்குக் கீழே நொய்யல், ஒரத்துப்பாளையம் அணை எல்லாம் அதே கதைதான். கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தாலும் நம்ப வேண்டாம். நாய் நீந்தும்போது குடிக்கும், பிறகு உடம்பு முழுவதையும் நக்கும். பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் முதலை உண்டு. கொடிவேரியில் கோடை விடுமுறைக் கூட்டத்துக்கு நடுவே நாயை இறக்குவது நாய்க்கும் நல்லதல்ல, குழந்தைகளோடு வந்தவர்களுக்கும் நல்லதல்ல. பவானி கூடுதுறையில் பிதுர் காரியம் செய்துகொண்டிருப்பார்கள். வெள்ளோடு ஏரி பறவைகள் சரணாலயம், அந்தப் பக்கமே வேண்டாம்.

காவிரியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். மேட்டூருக்குக் கீழே மின்சாரத்துக்காக வரிசையாகக் கதவணைகள் கட்டியிருக்கிறார்கள். காலையில் கணுக்கால் அளவு இருந்த இடத்தில் சற்று நேரத்தில் தண்ணீர் ஏறலாம். மணல் அள்ளிய குழிகள் மேலிருந்து பார்த்தால் தெரியாது. படித்துறைகளில் விட்டுப்போன துணி காலில் சுற்றும். மீன் வலை, தூண்டில் முள் வேறு. அப்படியும் போவதென்றால், கதவணைக்கு அருகில் இல்லாத, கூழாங்கல் தெரிகிற ஆழமில்லாத ஓரமாகப் பாருங்கள். கழுத்துப்பட்டையில் கயிறு கட்டாமல் மார்பைச் சுற்றும் ஹார்னஸில் நீளக் கயிறு கட்டி, மறுமுனையைக் கையிலேயே வைத்திருங்கள். தண்ணீரின் மேல் பச்சை பெயின்ட் ஊற்றியதுபோல் படலம் இருந்தால் திரும்பிவிடுங்கள். அந்தப் பாசியில் சில வகை, நாயைச் சில மணி நேரத்தில் கொன்றுவிடும். மாற்று மருந்து கிடையாது.

சரி, எங்கேதான் போவது? தெரிந்தவர் தோட்டத்துப் பம்புசெட் தொட்டிக்கு. கிணற்றுத் தண்ணீர், என்ன கலந்திருக்கிறது என்று கேட்டால் சொல்ல ஆள், நாய் எங்கும் போய்விடாத நான்கு சுவர். இந்த ஊரில் இதைவிட நல்ல நீச்சல் குளம் நாய்க்குக் கிடைக்காது. தோட்டக்காரரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: சொட்டுநீருக்கு உரம் கரைப்பது இதிலா, மாடு தண்ணீர் குடிப்பது இதிலா? இரண்டில் எதற்கு ஆம் என்றாலும் வேறு தொட்டி பாருங்கள். மோட்டார் ஓடும்போது இறக்கக் கூடாது. பழைய வயரிங்கில் மின்கசிவு இருந்தால் நாயும் போகும், பிடிக்கப் போன ஆளும் போவார். உள்ளே படி இல்லையென்றால் ஹாலோ பிளாக் கற்களை ஆடாமல் அடுக்கிப் படியாக்கி, எங்கே ஏற வேண்டும் என்பதை முதல் நாளே பழக்கிவிடுங்கள். கிணற்றில் மட்டும் இறக்காதீர்கள், படிக்கிணறாக இருந்தாலும்.

நேரம், காலை எட்டு மணிக்குள். வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் கூடாது. பந்தை எறிந்து எடுத்துவரச் சொல்வதென்றால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கரையேற்றி ஓய்வு கொடுங்கள். ஒவ்வொரு முறை வாயைத் திறக்கும்போதும் தண்ணீர் உள்ளே போகிறது, அளவுக்கு மீறினால் இரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும். வயிறு உப்பி, தள்ளாடி, வாந்தி எடுத்தால் உடனே மருத்துவமனைக்கு. வீடு திரும்பியதும் காது மடலை விரித்துப் பருத்தித் துணியால் துடைத்து உலர்த்துங்கள். லேப்ரடாருக்குக் காதுச் சீழ் வர இந்த ஈரமும் ஒரு காரணம். உண்ணிக்குக் கழுத்தில் சொட்டு மருந்து விட்டிருந்தால் இரண்டு நாள் தண்ணீரில் விட வேண்டாம்.

நாய்க்குச் சாதாரண உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 105-ஐத் தாண்டினால் ஆபத்து. எச்சில் கெட்டியாகி, ஈறு செக்கச்செவேலென்று ஆகி, நிற்க முடியாமல் சாய்ந்தால் தொட்டிக்குக் கொண்டு போகாதீர்கள், தன்னிலை இழந்த நாய் மூழ்கிவிடும். இருந்த இடத்திலேயே உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி மின்விசிறி போட்டு, அப்புறம் காரில் ஏற்றுங்கள். மே மாதத்தில் மாடித்தொட்டிக் குழாயில் முதலில் வருவது வெந்நீர். அதைக் கீழே விட்டுவிட்டுப் பிடியுங்கள்.

கடைசியாக எலிக்காய்ச்சல், அதாவது லெப்டோஸ்பைரோசிஸ். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் பரவும், நாயிடமிருந்து உங்களுக்கும் வரும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி இதற்கு உதவாது. உங்கள் நாயின் தடுப்பூசி அட்டையில் லெப்டோஸ்பைரோசிஸ் என்று தனியாகக் குறித்திருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் சில வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு ஆண்டுக்கொரு முறை. இரண்டாவது ஊசி போட்டு இரண்டு வாரம் கழித்துத் தொட்டிக்குப் போகலாம்.