மார்பில் சீழ்க்கட்டி இரண்டு முறை கீறியும் திரும்ப வருகிறது, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் கிருமி இல்லை என்கிறார்கள். புற்றுநோயாக இருக்குமா?

நுண்ணுயிர் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், சகோதரி. புற்றுநோய் இருக்கிறதா என்று பயாப்சி செய்து, அதாவது கொஞ்சம் சதை எடுத்துச் சோதித்து, பார்த்தே ஆக வேண்டும். ஆனால் ஆன்டிபயாட்டிக்குக்கும் கேட்கவில்லை, கீறிய இடம் ஆறாமல் சீழ் கசிகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது டிபிதான்.

மார்பில் டிபி வருவது அரிது. ஆனால் இருமல், சளி எதுவும் இல்லாமலே வரும். 1829-லேயே லண்டன் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

"கிருமி வளரவில்லை" என்ற ரிப்போர்ட்டோடு விட்டுவிடாதீர்கள். சாதாரண சீழ் கல்ச்சரை நாங்கள் இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுவோம். டிபி கிருமி வளர வாரக்கணக்கில் ஆகும், அதற்கென்று தனி மீடியம் (கிருமியை வளர்க்கும் ஊட்டப்பொருள்) வேண்டும். டாக்டர் சீட்டில் எழுதிக் கேட்டால்தான் அதைத் தேடுவோம்.

இதைவிட முக்கியம், பயாப்சி எடுத்த சதை முழுவதையும் ஃபார்மலின் பாட்டிலில் போட்டுவிடக் கூடாது. செல்களைப் பார்க்க ஃபார்மலின் வேண்டும்தான், ஆனால் அதில் கிருமி செத்துவிடும், கல்ச்சர் போட முடியாது. அப்படி வரும் பாட்டிலைத் திருப்பி அனுப்பும்போதெல்லாம் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும், அந்தப் பெண்ணுக்கு மறுபடி ஊசி குத்திச் சதை எடுக்க வேண்டுமே என்று. அதனால் முன்கூட்டியே கேளுங்கள்: "டாக்டர், ஒரு துண்டைச் சலைனில் போட்டு டிபி கல்ச்சருக்கும் சிபிநாட்டுக்கும் அனுப்ப முடியுமா?" சிபிநாட் என்பது டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை, சில மணி நேரத்தில் முடிவு சொல்லும். மார்பு டிபியில் கிருமி குறைவாக இருப்பதால் அதில் நெகட்டிவ் வந்தாலும் டிபி இல்லை என்று ஆகாது.

டிபி என்றால் பெரும்பாலும் 6 மாத மாத்திரை, அரசு மருத்துவமனையில் இலவசம். அதில் ரிஃபாம்பிசின் என்ற மருந்தைச் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்பட வேண்டாம்.

டிபி இல்லையென்றால் கோரினிபாக்டீரியம் குரோப்பன்ஸ்டெட்டியை என்ற கிருமியையும் பார்க்கச் சொல்லுங்கள். கொழுப்பு இருந்தால்தான் நன்றாக வளரும் என்பதால் சாதாரணக் கல்ச்சர் தட்டில் தவறிப்போகும். வளர்ந்தாலும் தோலிலிருந்து ஒட்டிக்கொண்டது என்று ஒதுக்கிவிடுவார்கள். பழைய ரிப்போர்ட்டுகளில் 'டிஃப்தீராய்டு' (இந்த வகைக் கிருமிகளுக்கு நாங்கள் எழுதும் பொதுப்பெயர்) என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதை டாக்டரிடம் காட்டுங்கள்.