மதிப்பெண் போடும் நாடு

அன்புள்ள ஐயா,

ஆள்கடத்தலைத் தடுப்பதில் எந்த அரசு எப்படி நடந்துகொள்கிறது என்று அமெரிக்க வெளியுறவுத் துறை ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட்டு, நாடுகளை அடுக்குகளாகப் பிரிக்கிறது. இப்படி மதிப்பெண் போடுவதால் கடத்தப்பட்டவர்களுக்கு ஏதேனும் பயன் உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பயன் உண்டு, ஆனால் மதிப்பெண்ணை அப்படியே நம்பிவிட முடியாது. 2014இல் தாய்லாந்தும் மலேசியாவும் ஒருசேரக் கடைசி அடுக்குக்குத் தள்ளப்பட்டன. மறு ஆண்டு மே மாதம், அவ்விரு நாடுகளின் எல்லைக் காட்டில், மியான்மரின் ரோஹிங்கியா முஸ்லிம்களையும் வங்கதேசத்தவரையும் கடத்தல்காரர்கள் அடைத்து வைத்திருந்த முகாம்கள் வெளிச்சத்துக்கு வந்தன. அடைபட்டவர்களை அடித்து, அவர்கள் அலறுவதைத் தொலைபேசியில் வீட்டாருக்குக் கேட்கச் செய்து பணம் பறித்திருக்கிறார்கள். மலேசியப் பக்கம் வாங் கெலியானில் மட்டும் 139 புதைகுழிகள். அவை தோண்டப்பட்டு இரண்டு மாதம் கழித்து அமெரிக்கா மலேசியாவைக் கடைசி அடுக்கிலிருந்து மேலே ஏற்றியது. அப்போது அமெரிக்காவும் மலேசியாவும் இடம்பெறும் பசிபிக் வணிக ஒப்பந்தத்துக்கான பேச்சு நடந்துகொண்டிருந்தது. கடைசி அடுக்கில் உள்ள நாட்டோடு செய்யும் ஒப்பந்தத்துக்கு விரைவு ஒப்புதல் தரக்கூடாது என்று அமெரிக்கச் சட்டமும் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் ஐயம் வீணானதல்ல.

தாய்லாந்தை அசைத்ததில் மீனுக்கும் பெரும் பங்கு உண்டு; கடத்தப்பட்டவர்களில் பலர் அந்நாட்டு மீன்பிடிப் படகுகளில்தான் வேலை வாங்கப்பட்டார்கள். சட்டவிரோத மீன்பிடிப்புக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஏப்ரலில் அந்நாட்டுக்கு மஞ்சள் அட்டை காட்டியது, அதாவது எச்சரித்தது. அது சிவப்பானால் ஐரோப்பியச் சந்தை அடைபட்டுவிடும். அதன் பிறகுதான் மீன்பிடிச் சட்டங்கள் அவசரமாகத் திருத்தப்பட்டன, துறைமுகங்களில் படகுகளைச் சோதிக்கும் மையங்கள் முளைத்தன. ஆனால் அந்தச் சோதனையின் லட்சணத்தை 2018இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு எழுதியது: அதிகாரிகள் தாள்களைப் பார்ப்பார்கள், படகுத் தலைவரிடம் பேசுவார்கள், பர்மிய, கம்போடியத் தொழிலாளிகளிடம் பேசுவது அரிது. 2019 ஜனவரியில் மஞ்சள் அட்டை விலக்கிக்கொள்ளப்பட்டது.

எல்லை முகாம் வழக்கில் 2017இல் தாய்லாந்தில் 62 பேர் தண்டிக்கப்பட்டார்கள். மனாஸ் கொங்பேன் என்ற ராணுவ லெப்டினன்ட் ஜெனரலுக்கு 27 ஆண்டுச் சிறை. ஒரு ஜெனரல் உள்ளே போனது சிறிய செய்தியல்ல. ஆனால் அந்த வழக்கைத் துப்புத்துலக்கிய காவல்துறை உயர் அதிகாரி பவீண் பொங்சிரின், தீர்ப்பு வருவதற்கு முன்பே உயிருக்கு அஞ்சி ஆஸ்திரேலியாவில் தஞ்சம் புகுந்திருந்தார். அதனால் அறிக்கை வந்ததும் நான் அடுக்கைத் தேடுவதில்லை; குற்றத்துக்குத் துணைபோன அதிகாரிகளைப் பற்றிய பத்தியைத்தான் முதலில் புரட்டுகிறேன்.