தொட்டி நிறையும் நேரத்தில் மோட்டார் விட்டு விட்டு ஓடுவது பற்றி

வணக்கம் அண்ணாச்சி. முக்கூடல் பக்கம் ஆத்து உறைகிணற்றிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும் மோட்டார், தொட்டி நிறையும் நேரத்தில் நிமிடத்துக்கு ஒருமுறை நின்று நின்று ஓடுகிறது, பி.எல்.சி.யை (மோட்டாரை ஓட்டி நிறுத்தும் கட்டுப்பாட்டுக் கணினி) மாற்றணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்ற வேண்டாம். நீங்கள் போட்டிருக்கும் படத்தில் அல்ட்ராசோனிக் சென்சார் (ஒலி அலையை அனுப்பி தண்ணீர் மட்டத்தை அளக்கும் கருவி) தண்ணீர் விழும் குழாய்க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே அலையடிப்பதால் அளவு ஏறி இறங்கும். புரோகிராமிலும் நிறுத்தவும் ஓட்டவும் 90% என்ற ஒரே அளவு. அதுதான் வினை.

95 சதவீதத்தில் நிறுத்துங்கள், 60க்கு இறங்கினால் மட்டும் ஓட்டுங்கள். நின்றபின் பத்து நிமிடமாவது திரும்பக் கிளம்பாதபடி டைமர் போடுங்கள். ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் மோட்டார் பல மடங்கு கரண்ட் இழுக்கும். இப்படியே விட்டால் மோட்டாருக்குள் இருக்கும் காயில் (கம்பிச் சுற்று) கருகிவிடும். சென்சாரையும் எதிர் மூலைக்கு மாற்றுங்கள்.

அப்புறம், சென்சார் பி.எல்.சி.க்கு அனுப்பும் சிக்னல் 4-20 மில்லிஆம்பியர்தானே (4 என்றால் தொட்டி காலி, 20 என்றால் நிறைந்தது)? 3.6க்குக் கீழே போனால் ஒயர் அறுந்தது என்று எடுத்து மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தொட்டி காலி என்று நினைத்து ராத்திரி முழுக்க ஓடி, குடிதண்ணீர் தெருவில் போகும்.

கோடையில் ஊற்று குறையும் என்பதால் கிணற்றுக்குள்ளும் ஒரு ஃப்ளோட் (தண்ணீர் இறங்கினால் மோட்டாரை நிறுத்தும் மிதவை சுவிட்ச்) அவசியம். அதையும் ஓவர்லோட் ரிலேயையும் (மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்தால் நிறுத்துவது) பி.எல்.சி.யை மட்டும் நம்பி விடாமல், மோட்டாருக்குக் கரண்ட் விடும் கான்டாக்டர் சுவிட்சின் காயில் லைனிலேயே நேராகத் தொடராக இணையுங்கள். புரோகிராம் உறைந்து நின்றாலும் மோட்டார் தப்பிக்கும்.