வாசகர் கேள்வி – எங்கள் பதில்: பிர்னோ நகரின் டூகெண்ட்ஹாட் வில்லா

கேள்வி: செக் நாட்டிலுள்ள டூகெண்ட்ஹாட் வில்லாவை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்திருக்கிறது. படத்தில் பார்த்தால் வெள்ளையடித்த ஒரு பெட்டியாகத்தான் தெரிகிறது. அதில் அப்படி என்ன இருக்கிறது? (வாசகி, மதுரை)

பதில்: நீங்கள் பார்த்தது தெருப்பக்கத்துப் படமாக இருக்கும். வீடு ஒரு சரிவின் மேல் கட்டப்பட்டிருப்பதால், தெருவிலிருந்து பார்ப்பவருக்கு மேல்தளம் மட்டுமே தெரியும். முக்கியமான கூடம் அதற்குக் கீழே தோட்டத்தை நோக்கியும், இயந்திர அறைகள் அதற்கும் கீழே நிலவறையிலும் அமைந்துள்ளன. மேலேயுள்ள வாசலில் நுழைந்து, பால்நிறக் கண்ணாடி வளைந்து சூழும் பகுதியிலிருந்து படியிறங்கித்தான் கூடத்தை அடைய வேண்டும்.

ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோஹே வடிவமைத்த இந்த வீட்டின் கட்டுமானம் 1929இல் தொடங்கி 1930இல் முடிந்தது. கட்டடத்தின் பாரத்தைச் சுவர்கள் அல்ல, எஃகுத் தூண்களே தாங்குகின்றன; தனியார் வீடொன்றில் அக்காலத்தில் இது அரிதான துணிச்சல். கூடத்தில் அத்தூண்கள் சிலுவை வடிவக் குறுக்குவெட்டுடன், குரோமியப் பூச்சில் பளபளக்கின்றன. பாரம் தாங்கும் கடமையிலிருந்து சுவர்கள் விடுபட்டுவிட்டதால், அமரும் இடத்தையும் நூலகப் பகுதியையும் மொராக்கோவின் அட்லஸ் மலையிலிருந்து வந்த, ஒளி ஊடுருவும் ஓனிக்ஸ் கற்சுவர் ஒன்று பிரிக்கிறது. உணவு மேசையை மக்காசார் கருங்காலி மரத்தாலான அரைவட்டச் சுவர் அணைத்து நிற்கிறது. குளிர்காலத்தில் தாழ்ந்து வரும் மாலை வெயில் பட்டால், ஓனிக்ஸ் கல்லின் சில பகுதிகள் உள்ளிருந்தே சிவந்து ஒளிர்கின்றன. சுவரில் ஓவியமோ சிற்ப வேலைப்பாடோ இல்லாத இந்த வீட்டில் அலங்காரம் என்று சொல்லத்தக்கது பொருளின் இயல்பு ஒன்றுதான். மலிவான எளிமை என்று இதை எண்ணிவிடக் கூடாது. பெருஞ்செல்வர் மட்டுமே தாங்கக்கூடிய எளிமை இது.

தோட்டத்தை நோக்கிய பெருங்கண்ணாடிச் சன்னல்களில் இரண்டு, மின்மோட்டாரின் உதவியால் அப்படியே தரைக்குள் இறங்கி மறையும். அப்போது கூடமே திறந்த தாழ்வாரமாகிவிடும். நிலவறையில் காற்றை வடிகட்டி, ஈரப்பதமூட்டி, சூடாக்கி மேலே அனுப்பும் கருவிகளும் இருந்தன. வடிவமைப்பாளர் லில்லி ரைக்கோடு சேர்ந்து மீஸ் இந்த வீட்டுக்கென உருவாக்கிய நாற்காலிகளில் ஒன்று 'பிர்னோ' என்ற பெயரிலேயே இன்றும் விற்பனையாகிறது.

கேள்வி: இதைக் கட்டிய குடும்பம் அங்கு நெடுங்காலம் வாழ்ந்ததா? (வாசகர், திருச்சி)

பதில்: எட்டாண்டுகூட இல்லை. ஃபிரிட்ஸ், கிரேட்டே டூகெண்ட்ஹாட் தம்பதியர் துணி ஆலை நடத்திய யூதக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மனை, கிரேட்டேயின் தந்தை ஆல்ஃபிரெட் லோவ்-பேயர் மகளுக்குத் தந்தது. 1930 டிசம்பரில் அவர்கள் குடிபுகுந்த சில மாதங்களிலேயே, இத்தகைய வீட்டில் மனிதர் வாழ முடியுமா என்று ஜெர்மன் இதழ் ஒன்றில் விவாதம் எழுந்தது. அதற்குத் தம்பதியர் இருவரும் எழுதி விடையளித்தனர். வெட்டவெளி போன்ற அந்தக் கூடம் தங்களை அடக்கவில்லை, விடுவிக்கிறது என்பதே கிரேட்டேயின் வாதம். வெளியிலிருந்து எழுதிய விமர்சகரைவிட, அங்கே குழந்தை வளர்த்தவரின் சொல்லுக்கே நான் அதிக எடை தருவேன்.

நாஜி அச்சுறுத்தலால் 1938இல் அவர்கள் சுவிட்சர்லாந்துக்கும், பின்னர் வெனிசுவேலாவுக்கும் சென்றனர். போகாமல் தங்கிய உறவினர் சிலர் கொல்லப்பட்டனர். 1939இல் வீட்டை நாஜிகளின் ரகசியக் காவல்துறையான கெஸ்டாபோ பறித்துக்கொண்டது. 1945இல் சோவியத் படையினர் தங்கினர். குதிரைகளும் உள்ளே நின்றன. பின்னர் நடனப் பள்ளியாகவும், முதுகெலும்புக் குறைபாடுள்ள குழந்தைகளின் மறுவாழ்வு மையமாகவும் அது மாறியது. 1963இல் பண்பாட்டுச் சின்னமாகச் சட்டப் பாதுகாப்பும், 2001இல் யுனெஸ்கோ தகுதியும் கிடைத்தன.

கேள்வி: இத்தனை கைமாறிய பின் இன்று இருப்பது அசல் வீடுதானா? (வாசகர், கோவை)

பதில்: கட்டடமும் ஓனிக்ஸ் சுவரும் அசல், அறைகலன்களில் பெரும்பாலானவை நகல். கருங்காலிச் சுவரின் கதை தனி. போர்க்காலத்தில் அது பெயர்த்தெடுக்கப்பட்டுக் காணாமற்போனது. 2011இல் கலை வரலாற்றாளர் ஒருவர் பிர்னோவின் சட்டக் கல்லூரிக் கட்டடத்தில் அதன் பலகைகளைக் கண்டுபிடித்தார். ஒரு காலத்தில் கெஸ்டாபோ அலுவலகமாக இருந்த அந்தக் கட்டடத்தின் உணவகச் சுவரில் அவை பதிக்கப்பட்டிருந்தன. மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் அவற்றருகே அமர்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள்! 2010 முதல் 2012 வரை நடந்த சீரமைப்பில் அப்பலகைகள் பழைய இடத்துக்கே திரும்பின.

அந்தச் சீரமைப்பு வீட்டை 1930ஆம் ஆண்டின் நிலைக்குக் கொண்டுசென்றது. அது சரியான முடிவே. ஆனாலும் குழந்தைகள் உடற்பயிற்சி செய்த ஆண்டுகளின் தடயத்தைக் கூடத்தில் ஓரிடத்திலாவது விட்டுவைத்திருக்கலாம் என்பது என் கருத்து.

கேள்வி: செக்கோஸ்லோவாக்கியா பிரிந்தது இந்த வீட்டில்தானாமே? (வாசகி, சேலம்)

பதில்: பிரிவினைக்கான உடன்பாட்டை எட்டியது இங்கேதான். 1992 ஆகஸ்ட் 26 அன்று செக் தரப்பின் பிரதமர் வாட்ஸ்லாவ் கிளாவுசும் ஸ்லோவாக்கியத் தரப்பின் பிரதமர் விளாதிமீர் மெச்சியாரும் இங்கே பேசி முடிவெடுத்தனர். நாடு 1993 சனவரி 1இல் இரண்டானது. வீடு 1994 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. போக எண்ணுபவர்கள் நுழைவுச்சீட்டை மாதக்கணக்கில் முன்னதாகவே பதிவு செய்துகொள்வது நல்லது.