கடனை அடைத்துவிட்டால் விட்டுவிடுவாரா?

மனநல மருத்துவரின் பதில்கள்

கேள்வி: என் கணவர் லாரி புக்கிங் அலுவலகத்தில் கணக்கராக இருக்கிறார். மூன்று ஆண்டுகளாகக் கைப்பேசியில் பணம் கட்டி ரம்மி ஆடி வந்தார். 2025 ஆகஸ்டில் அந்தச் செயலிகள் நின்றபோது நிம்மதியடைந்தேன். ஆனால் டெலிகிராமில் வந்த ஓர் இணைப்பு வழியாகக் கிரிக்கெட் பந்தயம் கட்டுகிறார் என்பது, என் வளையல்கள் அடகில் இருப்பது தெரிந்த அன்றுதான் வெளிப்பட்டது. கடன் 7 லட்சம் ரூபாய். என் அப்பா கொடுத்த நிலத்தை விற்று அடைத்தால் இனித் தொடவே மாட்டேன் என்று குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்கிறார். விற்கலாமா? சிகிச்சைக்குப் போனால் போலீஸ் வழக்கு வருமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, நிலத்தை இப்போது விற்காதீர்கள். உங்கள் கணவர் பொய்ச் சத்தியம் செய்கிறார் என்று நான் நினைக்கவில்லை. சொல்லும் நேரத்தில் அவர் மனமாரத்தான் சொல்கிறார். ஆனால் கடன் மொத்தமும் ஒரே நாளில் தீர்ந்துவிட்டால், சிகிச்சைக்கு வரவேண்டும் என்ற நெருக்கடியும் அன்றே தீர்ந்துவிடுகிறது. நோய் மட்டும் அப்படியே இருக்கிறது. நிலத்தை விற்று அடைத்த குடும்பம், ஆண்டு திரும்புவதற்குள் புதுக்கடனோடு என் முன்னால் வந்து அமர்ந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நோய் என்று நான் சொல்வது ஆறுதலுக்காகச் சொல்லும் சொல் அன்று. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, சூதாட்டக் கோளாறை மது, போதைப்பொருள் அடிமைத்தனத்தோடு ஒரே பிரிவில் வைத்திருக்கிறது. எப்போது வெற்றி வரும் என்று தெரியாமல் இடையிடையே வருவதுதான் மனத்தைக் கட்டிப்போடுகிறது. ஒரு சீட்டில், ஒரு ரன்னில் தவறிப்போன ஆட்டம்கூடத் தோல்வியாக உறைக்காமல், ‘அடுத்தது நமக்குத்தான்’ என்ற தூண்டுதலாகவே பதிகிறது. போனதை மீட்க மறுபடி பணம் கட்டுவது இந்நோயின் தலையாய அடையாளம்.

ஒரு சகோதரி தம் கணவரின் ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கையை அச்செடுத்து, சிவப்பு மையால் கோடிட்டுக் கொண்டுவந்தார். முதல் பக்கங்களில் மாலை நேரத்து 200, 500; கடைசிப் பக்கங்களில் நள்ளிரவு ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையே 5,000, 10,000. அதுவரை வாய் திறக்காதிருந்த கணவர், அந்தத் தாளைப் பார்த்துத்தான் அழுதார். நீங்களும் அப்படி ஓர் அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு, கைமாற்று, நகைக்கடன், வட்டிக்கடன் எதையும் விடாமல் இருவருமாக எழுதுங்கள். அவருடைய ஒப்புதலோடு, சம்பளத்தை நீங்கள் கையாளும் கணக்குக்கு மாற்றி, அவருடைய கைப்பேசியிலிருந்து யுபிஐ செயலிகளை நீக்குங்கள். நிலப் பத்திரம் உங்கள் அப்பாவிடம் இருக்கட்டும். இனி யாரும் கடன் கொடுக்க வேண்டாம் என்று உறவினரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்; வெட்கப்பட்டு மறைக்கும் வீட்டில்தான் கடன் வளர்கிறது. வங்கிக் கடனுக்குத் தவணை கேட்கலாம். கந்துவட்டிக்கு எதிராக 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கடன் செயலிக்காரர்கள் உங்கள் உறவினர்களை அழைத்து மிரட்டினால் காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள்.

வழக்கைப் பற்றிய அச்சத்தால் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற பேதமின்றிப் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்கிறது. அது குறிவைப்பது நடத்துவோரையும் விளம்பரம் செய்வோரையும்தான், ஆடியவரை அன்று. மருத்துவரிடம் சொல்வது ரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்பதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் உரிமையாகவே வைத்திருக்கிறது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள். எண்ணங்களையும் பழக்கத்தையும் சீர்செய்யும் உளவியல் சிகிச்சைதான் இதற்கு முதன்மையானது. மனச்சோர்வோ குடிப்பழக்கமோ சேர்ந்திருந்தால் மருந்தும் தேவைப்படும். அதற்கு முன்பே, இன்றிரவேகூட, 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவை) எண்ணை அழைத்துத் தமிழில் பேசலாம். கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

இன்னொன்றையும் தயங்காமல் செய்யுங்கள். “உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?” என்று அவரிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் இன்றே அப்புறப்படுத்திவிடுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் கட்டுமான வேலை செய்கிறேன். சம்பளம் வந்ததும் கேசினோவுக்குப் போய்விடுகிறேன். அளவோடு ஆடுவது எப்படி?
— ஒரு வாசகர், சிங்கப்பூர்

பதில்: தம்பி, முதலில் இரண்டு கேள்விகளுக்கு உங்களுக்குள் விடை சொல்லுங்கள். எவ்வளவு ஆடினீர்கள் என்று வேண்டியவர்களிடம் பொய் சொன்னதுண்டா? தொகையைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்று தோன்றியதுண்டா? ஒன்றுக்கேனும் ஆம் என்றால், அளவு வைத்து ஆடும் நிலையைத் தாண்டிவிட்டீர்கள் என்றே எடுத்துக்கொண்டு உதவி தேடுங்கள். உள்ளூர்வாசிகளுக்கு ஒரு நாளைக்கு 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நுழைவுக் கட்டணம் உண்டு. உங்களைப் போன்ற வெளிநாட்டவருக்கு அந்தத் தடுப்புகூட இல்லை. ஆனால் பிரச்சினைக்குரிய சூதாட்டத்துக்கான தேசிய மன்றத்திடம் நீங்களே விண்ணப்பித்து, கேசினோவுக்குள் உங்களை அனுமதிக்காதபடி தடை வாங்கிக்கொள்ளலாம். அடுத்த சம்பளம் வருவதற்கு முன் விண்ணப்பித்துவிடுங்கள். சம்பள நாளன்றே ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, ரசீதை அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.